விமானி அறைக்கு எந்தப் பச்சை

மச்சானுக்குப் பட்டி கொடுக்க வேண்டிய கடன் ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது. அந்த நாற்பது, கம்ப்ரஸரைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டிக்கூலி. அதையும் மச்சான்தான் கொடுத்தார். கொடுத்ததை ஒரு நாளும் மறக்கவும் இல்லை.

பட்டி என்பது அவருடைய பெயர் இல்லை. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர் அவர். தகரத்தில் இருக்கும் பள்ளம் மேட்டுக்கெல்லாம் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கைக்குத் தட்டுப்படாதவரை பெயின்ட் டப்பாவைத் திறக்க விடமாட்டார். அதனால் வந்த பெயர். இப்போது சம்பளம் கொடுக்கிறவரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நாள் முழுக்க பஸ்ஸுக்கு அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் பெயின்ட்தான் அடிப்பார். உலகச் சண்டையில் பறந்த போர் விமானங்களைச் சின்னதாகச் செய்வது அவருக்குப் பைத்தியம். பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, நிறம் அடித்தால் முழங்கை நீளத்துக்கு ஒரு விமானம். யாராவது பொம்மை என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். மாடல் என்று சொல்ல வேண்டும்.

இறக்கைக்கும் வாலுக்கும் நிறம் அடிப்பதில் அவருக்குப் பெரிய சிக்கல் இருந்ததில்லை. வெளிப்பக்கம் எல்லாரும் பார்த்தது, படம் இருக்கும். விமானி உட்காருகிற அந்தக் கூண்டுக்குள்தான் ஆளைப் படுத்தி எடுக்கும். ஒரே விமானத்தை இரண்டு தொழிற்சாலையில் செய்திருப்பான், இரண்டு இடத்திலும் இரண்டு பச்சை. சுவர் ஒரு பட்டறையிலும் இருக்கை இன்னொரு பட்டறையிலும் செய்து வந்து சேர்ந்திருக்கும். கிடைக்கிற போட்டோவோ கறுப்பு வெள்ளை. பெட்டிக்குள் வரும் தாளில் “உள்ளே பச்சை” என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பான். எந்தப் பச்சையடா என்று அந்தத் தாளோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் பட்டி.

இதற்காகத்தான் காற்றடிக்கிற சின்ன கம்ப்ரஸரும் பேனா மாதிரிப் பிடித்து அடிக்கிற ஸ்ப்ரேயும் வாங்கினார். கையில் காசில்லை. மனைவியின் அண்ணனிடம் வாங்கினார். மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவர். ஊரில் எல்லாரும் வீடு வாங்கக் கடன் வாங்குகிறார்கள், வண்டி வாங்கக் கடன் வாங்குகிறார்கள், காற்று வாங்கக் கடன் வாங்கின ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான் என்று வருகிற வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லித் தைப்பார்.

மச்சான் கெட்டவர் இல்லை. கொடுத்த பணத்தைக் கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. அதுவும் இப்போது மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும். மாப்பிள்ளையிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் அவரே ஒரு வழி பண்ணினார்.

பழைய இயந்திரங்களைப் பார்வைக்கு வைத்திருக்கும் ஒரு கூடத்தில் அவர் பராமரிப்பாளர். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கும். கூடத்தின் நடுவில் ஒரு போர் விமானம் இருந்தது. முழுசாக இல்லை. கடலில் விழுந்து கிடந்து, மூக்கும் விமானி அறையும் மட்டும் மிஞ்சியது. அதன் பக்கத்தில் முழு விமானம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு மாடல் வேண்டும் என்று கூடத்து மேனேஜர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் பட்டியைச் சொன்னார். கூலி ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது என்றும் அவரே சொன்னார். அதென்ன நாற்பது என்று மேனேஜர் கேட்டதற்கு, பசைக்கு மேடம் என்றாராம்.

மேனேஜர் அம்மா ஒரே ஒரு கண்டிப்பு வைத்தார். பிள்ளைகள் படியேறி நிஜ விமானத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள், இறங்கி வந்து மாடலுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் மாடலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம், காசு கிடையாது.

பட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? வாழ்நாளில் முதல் தடவையாக நிஜமான விமானி அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பல பச்சைகளைக் கலந்து பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் அடித்து எடுத்துப் போயிருந்தார். டியூப்லைட்டில் ஒரு மாதிரியும் வெயிலில் ஒரு மாதிரியும் தெரியும் என்பதால், ஜன்னல் வெளிச்சம் விழும்வரை காத்திருந்து ஒவ்வொரு கரண்டியையும் உள்சுவரில் ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தார். ஒரு கரண்டி சுவரோடு சுவராகக் கரைந்து போனது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருக்கையின் ஓரத்தில் பிரஷ் இழுத்த கோடு லேசாகத் தெரிந்தது. தொழிற்சாலையில் ஸ்ப்ரேதானே அடித்திருப்பான் என்று ஒரு கணம் உறைத்தது. போர்க்களத்தில் எவனோ மெக்கானிக் அவசரத்துக்குப் பிரஷ்ஷால் பூசியிருப்பான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நிறம் பொருந்திய சந்தோஷத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

வீட்டில் அந்தப் பச்சையோடு ஓரிரு சொட்டு வெள்ளை சேர்த்து அடித்தார். சின்னப் பொருளுக்குள் நிறம் இருட்டிப் போகும், கொஞ்சம் வெளுப்பாக்கினால்தான் பெரியது மாதிரி தெரியும். இருக்கை, பிடி, கடிகாரப் பலகை எல்லாம் உள்ளே வைத்து, உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டி, இணைப்பைப் பட்டி பூசித் தேய்த்து மறைத்துவிட்டார். இனி உள்சுவருக்குப் பிரஷ் நுழையாது.

வெளிப்பக்கம் அடித்துக் காய வைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை முடியப்போகிறது என்று சொல்லிவிட்டு வர மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சான் குளித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் மச்சான் மனைவி ஒரு முக்காலியில் உட்கார்ந்து துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பட்டியின் கண் முக்காலியின் பச்சைக் காலில் போய் நின்றது. சட்டைப் பையில், நிறம் பொருந்திய அந்தக் கரண்டி இன்னும் இருந்தது. குனிந்து முக்காலிக் காலில் வைத்தார். கரண்டி கரைந்து போனது.

“என்ன தம்பி, முக்காலிக்குச் சோறு ஊட்டறீங்களா?” என்றார் மச்சான் மனைவி.

இந்த பெயின்ட் ஏது அக்கா என்று கேட்டார்.

“அதா? உங்க மச்சான் கூடத்துல மிச்சம் கிடந்த டப்பா. வாசல் கேட்டுக்கு ரெண்டு தடவை அடிச்சாரு, அந்த ஓட்டை விமானத்துக்கு ஒரு தடவை அடிச்சாரு, அடியில கிடந்ததை என் முக்காலிக்குக் கொண்டாந்தாரு. நல்ல பெயின்ட் தம்பி, எவ்ளோ தண்ணி பட்டாலும் உரியல.”

பட்டி அங்கேயே ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் தலை துவட்டிக்கொண்டு வந்ததும் விஷயம் வெளியே வந்தது. அவர் மறைக்கவில்லை. விமானத்தின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்து உதிர்ந்ததாம், மேலிடத்திலிருந்து பார்வையிட வரப்போகிறார்கள் என்று பழைய மேனேஜர் குதித்தாராம். கையில் இருந்தது கேட் பெயின்ட், பூசினார். வந்தவர்கள் பார்த்துவிட்டு எவ்வளவு நன்றாகப் பாதுகாத்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்த மேனேஜர் மாறிப்போய், இப்போதிருக்கும் அம்மா வந்தபோது பச்சை பழகிவிட்டது. அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

“இப்ப என்ன மாப்ள கெட்டுப்போச்சு? அவங்க பெருசு மாதிரியே சின்னது கேட்டாங்க. நீங்க அப்படியே செஞ்சிருக்கீங்க. காசு வரும், உங்க கடன் போகும், எம் பொண்ணுக்குப் பணம் கட்டிடலாம்.”

“நான் விமானத்துக்கு மாடல் செய்யல மச்சான். உங்க கேட்டுக்கு மாடல் செஞ்சிருக்கேன்.”

“அது என்ன சண்டைக்கா போகப்போவுது? பசங்க எட்டிப் பாத்துட்டு ஐஸ்கிரீம் திங்கப் போயிடுவாங்க.”

பட்டி எழுந்தார். உடைத்து வேறு நிறம் அடிக்கப் போவதாகச் சொன்னார். சரியான நிறம் அடித்தால் நிஜ விமானத்தோடு ஒத்துப்போகாது, ஒத்துப்போகாவிட்டால் மேனேஜர் காரணம் கேட்பார், காரணம் எங்கே வந்து நிற்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இதுவரை மாப்பிள்ளையை நீங்க என்று தவிர வேறு மாதிரிப் பேசாத மச்சான் அன்றைக்கு நீ என்று இறங்கினார்.

“நான் உனக்குக் கடன் குடுத்தேன். நீ எனக்கு வேட்டு வைக்கிற.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் மெஷினை நிறுத்தாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத விஷயத்துக்கு எதற்கு இந்த வீம்பு என்றார். பட்டி அலமாரியில் இருந்த மாடலைப் பார்த்தார். நேற்றுவரை அதைக் கடந்து போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தவர், இப்போது பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி அதைக் கவனித்தார். மெஷின் நின்றது.

“எங்க அண்ணன் பேரு உங்க வாயிலேர்ந்து வரக்கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும். மத்தபடி ஒடைங்க, ஒட்டுங்க, என்னமோ பண்ணுங்க.”

பட்டி தலையாட்டினார். சத்தியம் எல்லாம் கேட்கவில்லை அந்த அம்மா. முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவருக்குத் தலையாட்டலே போதும்.

உடைப்பதற்கு முன் நிஜ நிறம் தெரிய வேண்டுமே. பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மறுபடி கூடத்துக்குப் போய், இன்னொரு தடவை உள்ளே பார்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டார். அவர் சரி என்றார். விமானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை மச்சான்தான் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. அவிழ்த்துவிட்டு, சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார்.

பட்டி மனைவியின் கைக்கண்ணாடியைக் கொண்டுபோயிருந்தார். டார்ச்சை அடித்து, கண்ணாடியை இருக்கைக்கு அடியில் விட்டுப் பார்த்தார். மச்சான் அரைகுறை வேலைக்காரர் இல்லை, பிரஷ் எட்டிய இடமெல்லாம் பூசியிருந்தார். இருக்கைக்கு அடியில் பிரஷ் நுழையாத இடுக்கில் மஞ்சள் கலந்த ஒரு பச்சை தெரிந்தது. இதுதானோ என்று மனசு துள்ளியது. பட்டி மனசை அடக்கினார். ஒரு தடவை துள்ளித்தான் கேட்டில் போய் விழுந்தோம். விரல் நகத்தை வைத்து மெல்லத் தேய்த்தார். மெல்லிசாக, வறண்டு, மேல்பூச்சு இல்லாமல் இருந்தது. இது அடிக்கோட்டு, தகரத்தில் முதலில் பூசுகிற பூச்சு. பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் அவரே எத்தனை தடவை அடிக்கோட்டோடு விட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எந்தத் தொழிற்சாலைக்காரன் மேல்பூச்சு செலவழிப்பான்?

அப்படியென்றால் மேல்பூச்சு வேறு. அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் கேட் பெயின்ட். பட்டி சுவரில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார், பஸ்ஸில் தடவுவது போல. இடது பக்கம் ஒரு சின்னத் தகடு தட்டுப்பட்டது. ஏதோ எண்கள் பொறித்த தகடு. மச்சான் அதைக் கழற்றாமல் சுற்றிலும் பூசியிருந்தார். ஒரு திருகு போய், மிச்சமிருந்த ஒரே திருகில் தகடு ஆடிக்கொண்டிருந்தது. விரலால் தள்ளினார், தகடு கதவு மாதிரித் திரும்பியது.

உள்ளே, உப்பும் வெயிலும் படாத அந்த நீள்சதுரத்தில், சாம்பல் கலந்த மங்கின பச்சை இருந்தது. மழை வரப்போகிற வானத்துக்குக் கீழே இருக்கிற புல் மாதிரி. பளபளப்பு துளியும் இல்லை. கேட்டின் பச்சை அதற்குப் பக்கத்தில் கிளி மாதிரிக் கத்தியது.

பட்டி கரண்டிகளை எடுத்தார். எதுவும் பொருந்தவில்லை. வீட்டுக்குப் போய்க் கலந்தார், அடுத்த நாள் கொண்டுவந்தார், பொருந்தவில்லை. கறுப்பு கூடிவிட்டது. மறுபடி போனார். மச்சான் கயிற்றை அவிழ்ப்பார், பட்டி தகட்டைத் தள்ளுவார், கரண்டியை வைப்பார், தலையை ஆட்டிக்கொண்டு இறங்குவார். பட்டறையில் லீவு கேட்டுக் கேட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டில் சோறு தின்கிற கரண்டிகூட மிஞ்சவில்லை என்று மனைவி பேசினார். கடைசியில் ஒரு நாள், கறுப்பைக் குறைத்து ஒரு துளி பழுப்பு சேர்த்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் கரண்டி காணாமல் போனது. இந்தத் தடவை மயிர்க்கூச்செறியவில்லை. கரண்டியைத் திருப்பி, தலைகீழாக்கி, இருட்டில் பிடித்து, வெளிச்சத்தில் பிடித்து எல்லா விதத்திலும் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

பின்னால் நின்ற மச்சானும் தன்னையறியாமல் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கிக்கொண்டார்.

மாடலைத் திறப்பது சாதாரண விஷயமாக இல்லை. ஒட்டின பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கியிருந்தது. கத்தியை வைத்தால் வழுக்கியது. பார்த்துக்கொண்டிருந்த மனைவி, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நவுருங்க. ஒட்டுனதைப் பிரிக்கிறது எம் பொழப்பு. ஒரே இடத்துல அழுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா, முன்னுக்கும் பின்னுக்கும்.”

அவர் பிரித்தார், பட்டி பிடித்துக்கொண்டார். வால் வரைக்கும் நன்றாக வந்தது. இறக்கை சேரும் இடத்தில் டக்கென்று ஒரு சத்தம். இறக்கையின் அடியில் விரிசல் ஓடியிருந்தது. நல்லவேளை அடிப்பக்கம். பட்டி அதைத் தடவிப் பார்த்து, இது நம்ம பட்டறை வேலைதான், விடு என்றார்.

உள்சுவருக்குச் சாம்பல் பச்சை, இருக்கைக்கு அடியில் மஞ்சள் பச்சை. இருக்கைக்கு என்ன என்பதில் மட்டும் யோசித்தார். அதில் கேட் பெயின்டைத் தவிர வேறெதுவும் பார்க்கக் கிடைக்கவில்லை. சுவரின் நிறத்தையே அடித்தார். இது என் ஊகம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டார். மறுபடி ஒட்டி, பட்டி பூசி, தேய்த்து, வெளி நிறத்தை இணைப்பில் மட்டும் திரும்ப அடித்து முடித்தபோது மாடலைக் கொடுக்க வேண்டிய கெடு நாளும் வந்துவிட்டது.

மேனேஜர் அம்மா மாடலை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் மலர்ச்சி. பிறகு உள்ளே பார்த்தார். நிமிர்ந்து நிஜ விமானத்தைப் பார்த்தார். படியேறி அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். மலர்ச்சி போயிருந்தது. நான் சொன்னது ஒன்றே ஒன்று, அதையே நீங்கள் செய்யவில்லையே என்றார்.

மச்சான் கதவோரமாக நின்றார். அவர் கையில் சாவிக்கொத்து சத்தமே போடவில்லை.

“ரெண்டும் ஒண்ணா இல்லதான் மேடம். சின்னது சரி. பெருசுதான் தப்பு” என்றார் பட்டி.

நிஜ விமானமே தப்பா என்று மேனேஜர் கேட்டார். குரலில் கேலி இருந்தது. பட்டி வாக்குவாதம் பண்ணவில்லை. டார்ச்சை நீட்டி, இடது பக்கத் தகட்டைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள், பிறகு இந்த மாடலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னாலும் போகிறேன் என்றார். அந்த அம்மா மறுபடி படியேறினார். தகட்டைத் தள்ளிய சத்தம் கேட்டது. வெகுநேரம் அவர் தலை வெளியே வரவில்லை.

வெளியே வந்தபோது பட்டியை அவர் பார்க்கவில்லை. இத்தனை காலமும் வந்த பிள்ளைகள் எல்லாரிடமும் இதுதான் போர்க்காலத்துப் பச்சை என்று சொல்லியிருக்கிறேனே என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு, இதன் மேல் வேறு பெயின்ட் பூசியது யார் என்று கேட்டார்.

பட்டி தன் செருப்பைப் பார்த்தார். தெரியாது என்று சொன்னால் பொய், சொன்னால் வீட்டில் தலையாட்டியதற்கு அர்த்தம் இல்லை. வாயைத் திறக்காமல் நின்றார். கூலி கையை விட்டுப் போனாலும் போகட்டும் என்று தீர்மானமாக நின்றார். மேனேஜர் இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தமாகக் கேட்டார்.

“நான்தான் மேடம்” என்றார் மச்சான், கதவோரத்திலிருந்து. “கேட்டுக்கு வாங்கினது. உதிர்ந்து போவுதேன்னு பூசிட்டேன்.”

மேனேஜர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் போல இருந்தது மச்சானின் முகம். எழுத்தில் விளக்கம் கொடுங்கள், மேலே அனுப்ப வேண்டியது என் கடமை, ஆனால் பழைய மேனேஜர் அவசரப்படுத்தியதையும் சேர்த்தே எழுதுங்கள் என்றார். பெயின்டை எப்படி எடுப்பது என்று தெரிந்தவர்களைக் கேட்கிறேன், நீங்கள் யாரும் தின்னரைத் தூக்கிக்கொண்டு கிட்டே போகாதீர்கள் என்று இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னார். அதுவரைக்கும் விமானத்தின் முன்னால் ஒரு பலகை வைக்கப் போவதாகவும் சொன்னார். பெரிய விமானத்தின் உள்நிறம் பின்னாளில் பூசப்பட்டது, உண்மையான நிறத்தைப் பக்கத்து மாடலில் பார்க்கவும் என்று. மச்சான் நாள் முழுக்க நிற்கிற இடம் அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான்.

பட்டி இருக்கை நிறம் மட்டும் ஊகம் என்றார். அதையும் பலகையில் போடுகிறேன் என்றார் மேனேஜர். பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்.

வாசல் படியில் பட்டி உறையை அப்படியே மச்சானிடம் நீட்டினார். மச்சான் பார்க்காத மாதிரிக் கேட்டைச் சாத்தப் போய்விட்டார். நாளைக்குக் கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள். பட்டி உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சாயங்காலம் மச்சான் மனைவியோடு வந்தார். இழுத்துக்கொண்டு வந்தது மனைவிதான் என்பது இரண்டு பேரும் வாசலில் நுழைந்த வரிசையிலேயே தெரிந்தது. தங்கை போட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே உறையை வாங்கி, எச்சில் தொட்டு எண்ணினார். அந்த நாற்பது வரைக்கும் எண்ணினார். மனைவி கையில் கொடுத்தார். அந்த அம்மா அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

“கடன் முடிஞ்சுது மாப்ள” என்றார் மச்சான். நீங்க என்றோ நீ என்றோ இன்னும் முடிவுக்கு வராத பேச்சு. “கோவம் முடியல. அதை மாசாமாசம் கட்டச் சொல்லு, தங்கச்சி.”

“எத்தனை மாசத்துக்குண்ணே?”

மச்சான் யோசித்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, டீயை வாங்கிக்கொண்டார்.